செண்பக மொட்டுக்கு வட்டிக்காசு

ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது அரசன் எதையெல்லாம் எழுதிக் கொடுப்பான்? நிலத்தின் எல்லை, நீர் பாயும் வாய்க்கால், வரிவிலக்கு. சோழர் செப்பேடுகள் அத்தோடு நிற்பதில்லை. முதலாம் ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், 1006-ஐ ஒட்டி, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்தக் கொடையைச் சொல்லும் 21 ஏடுகள் பிற்காலத்தில் ஹாலந்துக்குப் போய், லெய்டன் பட்டயம் என்று பெயர் பெற்றன. இத்தகைய சோழர் பட்டயங்களில், ஊரைப் பெற்றவர்களுக்கு என்னென்ன உரிமை என்று ஒரு பட்டியல் வரும். சுட்ட ஓடு போட்டு மாடி வீடு கட்டலாம், கிணறு தோண்டலாம், பெருஞ்செக்கு நிறுத்தலாம். இந்தக் கனமான காரியங்களுக்கு நடுவே, தமனகம், மரு, இருவேலி, செண்பகம், செங்கழுநீர் ஆகியவற்றை நட்டுக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கும்.

தமனகம் இன்றைய தவனம். மரு இன்றும் மருதான். இருவேலி வெட்டிவேர் இனம். ஐந்தில் நான்கு, மணத்துக்காகவே வளர்ப்பவை. கொல்லையில் மரு வைக்க அரசாணை வேண்டியிருந்த காலம் அது என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் வாய்க்கால் தண்ணீருக்கு அளவு வைத்து நெல் விளைவித்த நாட்டில், சாப்பிட முடியாத ஒன்றுக்கு நிலமும் நீரும் விடுவது பெரிய விஷயம். பல்லவர் காலத்திலேயே குவளை நடுவதற்கு வரி இருந்தது. காவிரிப் படுகையின் அழகைப் பாடியவர்கள் ஏராளம். அந்த அழகுக்கு யார் நிலம் விட்டார்கள், யார் கூலி கொடுத்தார்கள் என்பதைக் கணக்காகவும் எழுதிவைத்தது இந்த நாட்டின் தனிக்குணம்.

திருவாரூர்க்காரர்கள் இன்றும் ஒரு கணக்குச் சொல்வார்கள்: கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி. ஒரு வேலி என்பது ஏறக்குறைய 6.6 ஏக்கர், ஐந்து வேலி 33 ஏக்கர். சொலவடை அளவைக் கொஞ்சம் உருட்டித்தான் சொல்லியிருக்கும். ஆனாலும் அதில் உள்ள நியாயம் கவனிக்க வேண்டியது. சாமிக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு தண்ணீருக்கு. தண்ணீருக்கு எவ்வளவோ அவ்வளவு பூவுக்கு. தியாகராஜருக்கு உரிய பூ செங்கழுநீர். அது சேற்றில் கிழங்கு ஊன்றி, நீர்மட்டத்துக்கு மேல் தண்டை நீட்டிச் சிவந்து பூப்பது. முழங்கால் சேற்றில் இறங்கி, தண்டோடு பிடுங்க வேண்டும். பறித்தவன் காலில் ஒட்டியிருந்த சேற்று வாடையும் அந்த மாலையின் வரலாற்றில் சேர்ந்ததுதான்.

நெல் வருமுன் இந்தப் பூமி எப்படி இருந்தது? பச்சைப் பாய் விரித்ததுபோல வயலாகவே பிறந்த நாடு என்று நினைத்துக்கொள்கிறோம். கும்பகோணத்துக்குத் தெற்கே உள்ள ஐந்து கோயில்களைப் பஞ்சாரண்யத் தலங்கள் என்பார்கள், ஐந்து காடுகள். விடியற்காலையில் திருக்கருகாவூர், அது முல்லைவனம். காலையில் அவளிவணல்லூர், பாதிரிவனம். உச்சிப்பொழுதில் அரித்துவாரமங்கலம், வன்னிவனம். மாலையில் ஆலங்குடி, பூளைவனம். அர்த்தசாமத்தில் திருக்கொள்ளம்பூதூர், வில்வவனம். ஒரே நாளில் ஐந்தையும் இந்த வரிசையில் தரிசிப்பது மரபு. இன்று பேருந்திலோ காரிலோ போகிறவருக்கு வழிநெடுக வயலும் தென்னையும் வாழையும்தான் தெரியும். அழிந்த காடு ஒவ்வொன்றும் ஒரு கோயிலின் பெயரிலும் தலமரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருவாரூரில் பாதிரி, சீர்காழியில் பாரிசாதம், திருக்கடையூரில் பிஞ்சிலம் என்ற சாதிமல்லிகை. கோயில் பிராகாரத்தில் மேடை கட்டி நிறுத்தியிருக்கும் அந்த ஒற்றை மரம், காட்டை வெட்டி வயலாக்கியவர்கள் விட்டுவைத்த சாட்சி.

தேவாரம் பாடிய மூவரும் இந்த நிலத்தை நடந்து பார்த்தவர்கள். அவர்களுடைய பதிகங்களில் பாதிப் பாட்டுக்கு மேல் சாமியைப் பற்றியும், மீதி ஊரைப் பற்றியும் இருக்கும். திருவையாற்றில் சம்பந்தர் பாடிய ஒரு பதிகம் மரண நேரத்தில் தொடங்குகிறது. ஐம்புலன்களும் நிலைகுலைந்து போகும் அந்தக் கடைசி நொடியில். அடுத்த மூச்சில் பாட்டு ஐயாற்றுத் தெருவுக்கு வந்துவிடுகிறது. பெண்கள் வலம் வந்து ஆடுகிறார்கள், முழவு அதிர்கிறது. அதை இடி என்று எண்ணிய சில மந்திகள் மிரண்டு, மரம் ஏறி, மேகம் திரண்டிருக்கிறதா என்று வானத்தைப் பார்க்கின்றன. புலன் கெட்டுப்போவதைச் சொன்ன பாட்டு, காது ஏமாந்து கண் சரிபார்க்கும் ஒரு குரங்கைக் காட்டுகிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்தைய காவிரிக்கரையை இவ்வளவு கிட்டத்தில் வேறு யாரும் காட்டியதாகச் சொல்ல முடியாது.

அதே திருவையாற்றில் சித்திரை மாதம் ஏழூர்த் திருவிழா நடக்கிறது. திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று பல்லக்குகள் ஊர் ஊராகப் போய்த் திரும்பும். ஆற்றில் நீர் இல்லாத மாதம். ஆற்றுமணலைக் கடந்துதான் பல்லக்கு போகும். காவிரியைச் சொல்லும்போது புதுவெள்ளத்தையும் ஆடிப்பெருக்கையும் மட்டும் சொல்கிறோம். காலைச் சுடும் மணலும் காவிரிதான். விழா முடிவில் ஒரு பொம்மை சாமிக்குப் பூப்போடும். அதைப் பார்க்கக் கூடும் கூட்டம் வேறெதற்கும் கூடாது.

மணத்தின் கணக்கு மிக நுணுக்கமாக இருக்கும் இடம் தஞ்சைப் பெரிய கோயில். 1010-இல் கட்டி முடித்த கோயிலின் கல்வெட்டுகளில், சாமியின் திருமஞ்சன நீருக்கு வாசம் சேர்க்க என்னென்ன வேண்டும் என்று ராஜராஜன் எழுதிவைத்திருக்கிறான்: ஏலத்து அரிசி, செண்பக மொட்டு, இலாமிச்ச வேர். இவை தடையின்றி வர ஒரு தொகையை முதலாக வைத்து, அதன் வட்டியில் இருந்து வாங்கச் செய்தான். பெரிய கோயில் கல்வெட்டுகளில் வழக்கமாகக் காணும் வட்டி, ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு. நம் கணக்கில் 12½ சதவீதம். ராத்திரி தண்ணீரில் போட்ட செண்பக மொட்டு காலையில் இதழ் பிரிந்திருக்கும். குடத்தருகே குனிந்தாலே மூக்கில் ஏறும். அந்த வாசனை ஒருநாள் வந்து ஒருநாள் வராமல் போகக்கூடாது என்பதற்குக் கடன் பத்திரம்.

இதே கோயிலில் வாடாத பூக்களும் உண்டு. சாளுக்கிய அரசன் சத்தியாசிரயனை வென்று திரும்பிய ராஜராஜன், பொன்னால் செய்த பூக்களை இறைவன் திருவடியில் இட்டான். அவற்றின் எடையைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பொற்பூக்கள் ஒன்றுகூட இன்று இல்லை. வாசனைப் பொருள்களின் பட்டியல் கல்லில் இருப்பதால் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கருவறை எப்படி மணத்தது என்று நம்மால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. கருவறையைச் சுற்றிய உள்திருச்சுற்றில் மறைந்து கிடந்த சோழர் ஓவியங்களை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றில் ஆடும் பெண்களின் கொண்டை அலங்காரத்தைப் பார்க்கிறவர்கள், பூச்சூடல் என்பது அந்தக் காலத்தில் எத்தனை தேர்ந்த கலை என்று புரிந்துகொள்வார்கள்.

பூ தானாக மாலையாவதில்லை. சாமிக்குச் சாத்தும் மாலைக்குக் கல்வெட்டுகள் திருப்பள்ளித்தாமம் என்று பெயர் சொல்கின்றன. அதைப் பறிக்கிறவர்கள், தொடுக்கிறவர்கள், நந்தவனத்துக்கு இறைக்கிறவர்கள் எல்லோருக்கும் நெல்லாகவோ நிலமாகவோ ஏதாவது ஒரு ஜீவனம் எழுதப்பட்டிருக்கும். தோட்டச் செலவுக்கென்று விட்ட நிலம் திருநந்தவனப் புறம். தொழில் நுணுக்கம் தெரிய வேண்டுமானால் கல்வெட்டை விட்டுச் சேக்கிழாரிடம் போக வேண்டும். திருப்புகலூர் முருக நாயனார் பொழுது விடியும் முன்பே எழுந்து பூப்பறிக்கப் போவார். மரத்தில் பூப்பது கோட்டுப்பூ, கொடியில் பூப்பது கொடிப்பூ, தரைச் செடியில் பூப்பது நிலப்பூ, குளத்தில் பூப்பது நீர்ப்பூ. நான்கையும் தனித்தனியாகச் சேகரிப்பார். தனியிடத்தில் உட்கார்ந்து தொடுப்பார். கோவை, இண்டை, தாமம், மாலை, கண்ணி, பிணையல், தொங்கல் என்று சேக்கிழார் அடுக்கும்போது அது வெறும் சொல்லடுக்கு இல்லை. கோப்பது வேறு, தண்டோடு சேர்த்துக் கட்டுவது வேறு, காம்போடு காம்பைப் பிணைப்பது வேறு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மந்திரியாக இருந்தவருக்குப் பூக்கட்டும் விரல்களைப் பற்றி இத்தனை தெரிந்திருக்கிறது.

பெரியபுராணத்தில் பூவைப் பற்றிய இன்னொரு கதை படிக்கவே நடுக்கம் தருவது. திருவாரூர்க் கோயிலுக்கு வந்த பல்லவ அரசன் கழற்சிங்கனின் பட்டத்தரசி, பூத்தொடுக்கும் மண்டபத்தருகே விழுந்து கிடந்த பூ ஒன்றை எடுத்து முகர்ந்தாள். அங்கே தொண்டு செய்துகொண்டிருந்த செருத்துணை நாயனார் அவள் மூக்கை அரிந்தார். விஷயம் கேட்ட அரசன், முதலில் பூவை எடுத்தது கைதானே என்று அவள் கையை வெட்டினான். செருத்துணையாருக்குச் சேக்கிழார் சொல்லும் ஊர் மருகல் நாட்டுத் தஞ்சாவூர். பெரிய கோயில் இருக்கும் தஞ்சாவூர் இல்லை, நாகை பக்கத்து ஊர். கொடூரத்தைப் பக்தி என்று ஏற்றுக்கொள்ள இன்றைக்கு முடியாது. ஆனால் கதைக்கு அடியில் ஒரு வழக்கம் கிடக்கிறது: பூவின் முதல் மணம் சாமிக்கு. இன்றும் பூஜைக்கு வாங்கிய பூவைக் குழந்தை முகர்ந்துவிட்டால் பாட்டிமார்கள், “மோந்து பாக்காதேடி, சாமிக்கு வச்சது” என்று பதறுவதைத் தஞ்சாவூர் வீடுகளில் கேட்கலாம். தொடுக்கிறவருக்கு மட்டும் இதில் தப்பிக்க வழி கிடையாது. மூக்கை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

கடற்கரைப் பக்கம் இதே பூக்களை வேறு கண்ணால் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஸ்வீடனின் லின்னேயஸிடம் படித்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். லின்னேயஸின் முறைப்படி இந்தியச் செடிகளுக்குப் பெயரிட்டு எழுதியவர்களில் முன்னோடி அவர். 1776-இல் அங்கே வந்த ராட்லர் என்ற பாதிரியார் செடிகளை உலர்த்திச் சேர்த்தார். அவர் சேர்த்தவை லண்டன் கியூ தோட்டம்வரை போயின. அதே ராட்லர் கடைசிக் காலத்தில் தமிழ் அகராதி ஒன்றும் தொகுத்தார். உலர்த்திய பூவில் நிறம் போய்விடும், மணம் போய்விடும். காம்பும் நரம்பும் நிற்கும். கல்வெட்டுக்காரர்கள் எழுதியதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

நூறாண்டு கழித்து மாயவரத்தில் நடந்தது வேறு கதை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) காவிரிக்கரை ஊர்களுக்குத் தலபுராணம் தலபுராணமாகப் பாடித் தள்ளியவர். ஒவ்வொன்றிலும் நாட்டுப்படலம், நகரப்படலம் என்று இயற்கை வருணனை கட்டாயம். மேகம் கடல்நீரை முகக்கும், ஆறு பெருகும், வாளை துள்ளும், பாளை கிழியும். எந்த ஊரானாலும் இதே வாளை, இதே பாளை. நேர்மையாகச் சொன்னால், இந்தப் பாடல்களில் பலவற்றை ஊர்ப்பெயர் மாற்றி வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. கண்ணால் பார்க்காமல் மரபால் பார்த்த அழகு அது.

அந்த மனிதர் தம் வீட்டுக் கொல்லையில் எப்படி இருந்தார் என்பதை உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் சொல்கிறார். 1871-இல் மாயவரத்தில் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்த இளைஞர் அவர். வீட்டுக்குப் பின்னால் தோட்டம் வைப்பதில் பிள்ளைக்கு மோகம். செடிகள் வளரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், வளர்ந்த மரங்களையே வேரோடு பெயர்த்து வந்து நட்டார். காலையில் எழுந்ததும் முதல் வேலை, எந்த மரம் தளிர்த்திருக்கிறது என்று போய்ப் பார்ப்பது. ஆசிரியர் கவனத்தைத் தன் பக்கம் திருப்ப வழி தேடிக்கொண்டிருந்த சாமிநாதையர் இதைக் கவனித்தார். அவருக்கு முன்னே எழுந்து கொல்லைக்குப் போய், எந்தக் கிளையில் புதுத்தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார். பிள்ளை வந்ததும், இதோ இங்கே, இதோ அங்கே என்று காட்டுவார். அந்த அத்தியாயத்துக்கு அவர் வைத்த தலைப்பு ‘தளிர் ஆராய்ச்சி’. புராணங்களில் உலகத்து மரங்களையெல்லாம் பாடிய பெரும்புலவர், பெயர்த்து நட்ட மரம் பிழைத்துக்கொண்டதா என்று கவலையோடு ஒரு கிளையை அண்ணாந்து பார்க்கிறார். நாட்டுப்படலங்களை எல்லாம் விட இந்த ஒரு காட்சியில்தான் காவிரிக்கரைத் தோட்டம் உயிரோடு இருக்கிறது.

சாமிநாதையர் பிறகு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். பத்துப்பாட்டை அச்சிட ஏடுகளை ஒப்புநோக்கும்போது குறிஞ்சிப்பாட்டில் ஒரு சிக்கல். தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த பூக்களைக் கபிலர் வரிசையாகச் சொல்லும் இடம்; 99 பூக்கள் என்பது வழக்கமான கணக்கு. கைக்குக் கிடைத்த ஏடுகளில் அந்த இடத்தில் சில வரிகள் இல்லை. எத்தனையோ இடங்களில் தேடியவர், கடைசியில் மாயவரத்தை அடுத்த தருமபுரம் ஆதீனத்து ஏடுகளில் அவற்றைக் கண்டார். பத்துப்பாட்டு 1889-இல் வெளிவந்தது. இந்தத் தேடலைப் பின்னர் ‘உதிர்ந்த மலர்கள்’ என்று ஒரு கட்டுரையாக எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அவை மலைநாட்டுப் பூக்கள். குன்று என்று சொல்ல ஒரு மேடுகூட இல்லாத நெல்வயல் நாட்டின் மடம் ஒன்று அவற்றைப் பனையோலையில் காத்திருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் நீர்ப்பூக்கள்தான் முதலில் விடைபெற்றன. 1934-இல் மேட்டூர் அணை வந்தது. ஆறு வருவதும் நிற்பதும் மதகுக் கதவின் கையில் போனது. குளங்கள் தூர்ந்தன, வாய்க்கால் கரைகளில் களைக்கொல்லி புகுந்தது. வயலோரம் குவளை பூத்திருந்ததைச் சொல்லும் பாட்டு பாடநூலில் இருக்கிறது; குவளையைக் காட்டச் சொன்னால் ஆசிரியரே திண்டாடுவார். காவிரியைத் தலை முதல் கடல் வரை தொடர்ந்து போய்ப் பார்த்துத் தி. ஜானகிராமனும் சிட்டியும் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யைப் படித்தால், அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஆற்றங்கரை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி கிடைக்கும்.

நிலப்பூ வேறிடம் பார்த்துக்கொண்டது. மல்லிகைக்குக் காலடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. வண்டல் வயலில் அதற்கு வேலை இல்லை. தஞ்சைக்குத் தெற்கே வல்லத்தைச் சுற்றிய செம்மண் மேட்டில்தான் பூச்செடிகள் நன்றாக வரும். அங்கிருந்து வருவதும், திண்டுக்கல், நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் வருவதும் தஞ்சாவூர்ப் பூக்காரத் தெருவில் கொட்டப்படுகின்றன. உதிரிப்பூ கிலோக் கணக்கு, கட்டிய பூ முழக் கணக்கு. மதுரைக்கு மல்லி என்றால் தஞ்சாவூருக்குக் கதம்பம். மல்லி, கனகாம்பரம், மரு, மரிக்கொழுந்து, ரோஜா என்று கலந்து கட்டுவது. கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஊறவைத்துக் கிழித்த வாழைநாரின் ஒரு முனை கால்விரலில் மாட்டியிருக்கும். சிலர் முழங்காலுக்கடியில் அழுத்திக்கொள்வார்கள். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விட்டு இழுப்பார்கள். கண் பூவைப் பார்ப்பதே இல்லை. வருகிறவரோடு பேரம் பேசிக்கொண்டிருக்கும். இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்த்தினால் கொட்டிவிடும். அந்த அளவு விரலுக்குத்தான் தெரியும். கனகாம்பரத்தில் மணம் துளியும் கிடையாது. ஆரஞ்சு நிறத்துக்காக அது. வாசனைக்கு நடுவே செருகிய இரண்டு கொத்து மரு. மல்லி வாடிய பிறகும் மருவின் வாசம் மறுநாள் வரை தலையில் நிற்கும். செப்பேட்டில் உரிமையாக எழுதிக் கொடுத்த ஐந்தில் மருவும், மரிக்கொழுந்து என்ற பெயரில் தவனமும்தான் இந்தத் தெருவில் தினமும் விலை போகின்றன. செண்பகம் பருவத்தில் மட்டும், எண்ணி விற்பார்கள்.

மணமே இல்லாத பூமாலையும் இந்த ஊர்ப்பக்கம் உண்டு. நீர்நிலையில் வளரும் நெட்டிச் செடியின் வெண்மையான தண்டைச் சீவிச் சாயம் போட்டு, மாட்டுப்பொங்கலுக்கு மாடுகளின் கழுத்தில் கட்டும் நெட்டி மாலை. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் குடும்பம் குடும்பமாகச் செய்கிறார்கள். மூக்குக்கு ஒன்றுமில்லை, தொட்டால் பஞ்சின் மென்மை, எடையே தெரியாது. ஏரி குளம் இருக்கும்வரைதான் அதற்கும் மூலப்பொருள்.

கோயில்களுக்கு நந்தவனப் புறம் என்று எழுதிவைத்த நிலங்கள் இன்னும் பல ஊர்களில் கோயில் கணக்கில் இருக்கின்றன. மாலை மட்டும் சந்தையிலிருந்து வருகிறது. கோயில் குளத்தைத் தூர்வாரி, படி கட்டி, சுற்றிலும் கம்பிவேலி போட மதிப்பீடு தயாரிக்கிறவர்கள், அதில் இன்னொரு வரியும் சேர்க்கலாம். குளத்தின் ஒரு மூலையில் செங்கழுநீர்க் கிழங்கு நட, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்குச் சம்பளம். ராஜராஜன் காலத்துக் கணக்குப்பிள்ளை இதை எழுத மறந்திருக்க மாட்டார்.